அப்பாவிடம் சொல்லாத கதை

கந்தப்பன் தூங்கவில்லை. நாடாக் கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்து, கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவர்கள் விடுகிற மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குமாரபாளையத்தில் தறிகள் ஓடாத பொழுது வாரத்தில் அது ஒன்றுதான். மற்ற நாளில் இந்தத் தெருவில் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் தீப்பெட்டி கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். இன்றைக்குச் சமையல்கட்டில் கரண்டியை வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. தறிச் சத்தத்தில் போய்விட்ட இடது காது தலையணையில் அமுங்கிக் கிடந்தது. கேட்கிற காது மேலே இருந்தது. படுத்தபோது அப்படி நினைத்துப் படுக்கவில்லை. இடுப்பு எந்தப் பக்கம் சொன்னதோ அந்தப் பக்கம் படுத்தார். இப்போது அந்த இடுப்பே கடுக்க ஆரம்பித்துவிட்டது, புரண்டு படு, புரண்டு படு என்கிறது. புரண்டால் கட்டில் கிரீச்சிடும், உள்ளே பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டாலும் அந்தப் பக்கம் படுத்தால் அவருக்கு ஒன்றும் கேட்காது. உள்ளே மகள் வாணி அவள் அம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வாரத்துக் கதை. அவருக்குச் சொல்ல வேண்டிய கதை.

வாணி பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம். அவளுக்குப் பாடம் எடுக்கிற எஸ்தர் மேடம் மற்ற வாத்தியார்களைப் போல நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிற ஆள் இல்லையாம். வாரத்துக்கு ஒரு கதையோ பாட்டோ படித்துவிட்டு, தனக்கு என்ன தோன்றியது என்று ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். அதற்கு ரெஸ்பான்ஸ் என்று பெயர். அதோடு விடவில்லை அந்த அம்மா. வீட்டில் இங்கிலீஷ் தெரியாத ஒருவருக்கு அந்தக் கதையைத் தமிழில் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்பதையும் கடைசியில் சேர்த்து எழுத வேண்டுமாம். வாணி முதல் வாரம் தயங்கித் தயங்கி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா ஒரு கதை சொல்றனுங்க, கேக்கறீங்களா என்றபோது, என்னடா இது பைத்தியக்கார வேலை என்றுதான் அவர் நினைத்தார். கூண்டுக் கிளியைத் திறந்து விட்டுவிடுகிற ஒரு பையனின் கதை. கேட்டு முடித்ததும், கிளி வளர்த்தவனைக் கேட்காமல் இவன் ஆரு திறந்து விடறதுக்கு என்றார். அவள் சிரித்தாள். எழுதிக்கொண்டு போனாள். வகுப்பே சிரித்ததாம், மேடம் மட்டும் சிரிக்காமல், இது நியாயமான கேள்வி, யாராவது பதில் சொல்லுங்கள் என்றாராம். அந்த வாரம் முழுக்கத் தறிக்கு நடுவில் நிற்கும்போது அவருக்கு அந்தக் கிளியின் நினைப்புதான். நியாயமான கேள்வி. அவர் எட்டாவது படிக்கையில் இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் இருந்தார், வேட்டியில் மடிப்புக் கலையாத ஆள். எழுந்து நின்று வாசிக்கச் சொல்லி, இவர் வாய் திறக்கும் முன்னாலேயே, உக்காருடா, உன் நாக்குல பாவு சிக்கியிருக்குது, போய் நூல் சுத்து என்றார். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அந்த வாத்தியார் செத்துப்போனதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு, ஓகோ என்று மட்டும் சொன்னார். அந்த ஓகோவை இன்னமும் திரும்பப்பெறவில்லை. ஆனால் இன்னொரு இங்கிலீஷ் வகுப்பில் இப்போது வாராவாரம் அவர் பேச்சு எழுந்து நிற்கிறது. கப்பலில் போன புருஷனுக்காகக் கடற்கரையிலேயே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி, அவளுக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்லையா என்று கேட்டார். மகாராணி ஒருத்தி தன் அழகு போய்விட்டதென்று அழுகிற பாட்டுக்கு, அழட்டும், சாப்பாட்டுக்கு அழலையே என்றார். உங்கப்பா இந்த வாரம் என்ன சொன்னார் என்று பிள்ளைகள் வகுப்புக்கு முன்னாலேயே வாணியைச் சூழ்ந்துகொள்கிறார்களாம். கேலி செய்கிறார்களோ என்றும் தோன்றும். கேலியாகவே இருக்கட்டும் என்றும் தோன்றும். சனிக்கிழமை ராத்திரியே இந்த வாரம் என்ன கதையோ என்ற நினைப்பு வந்துவிடும். நேற்றும் வந்தது. இன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு வந்து, அவள் வருவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் அறைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். புத்தகம் கையில் இருந்தது. கதை கேக்கறீங்களாப்பா என்று கேட்டிருந்தால் சொல்லு என்றிருப்பார். கேட்கவில்லை. திரும்பிச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் அவர் படுத்தார், அப்போதுதான் கண்ணை மூடினார்.

பனி கொட்டுகிற ஊராம். ரோட்டிலிருந்து ரொம்ப தூரம் தள்ளி ஒரு மர வீடு, அதில் அண்ணன் தம்பி இரண்டு கிழவர்கள். வாணியின் குரல் கதை சொல்லும்போது அடங்கி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் என்கிற மாதிரி ஆகிவிடும். பாதி கேட்டது, பாதியை அவரே போட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் எதிலேயோ ஒரு வார்த்தை தடித்துப்போய், வீட்டுக்கு நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அடுப்பு இரண்டு, வாசல் இரண்டு. பேச்சு இல்லை. காலையில் தம்பி அந்தப் பக்கம் விறகு பிளக்கிற சத்தம் கேட்டால்தான் அண்ணன் இந்தப் பக்கம் கோடாலியை எடுப்பானாம். அதுதான் அவர்களுக்குள் இருந்த ஒரே ஒட்டு. தெய்வானை, ஆமா, ம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து அடுப்பில் எதையோ கிண்டினாள். பூண்டு போட்டுக் கஞ்சி காய்கிறது. அரிசியும் பாசிப்பருப்பும் குழைகிற அந்த மணம் அறை வரைக்கும் வந்தது. இந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. பின்னே யாருக்குக் கஞ்சி. அவருக்குத் தெரியும் யாருக்கென்று. தெரியாத மாதிரி அந்த மணத்தை மூக்கில் வாங்கிக்கொண்டு, மூச்சைத் தூங்குகிறவர் மூச்சாகவே விட்டார். ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் விறகு பிளக்கிற சத்தம் வரவில்லை, என்றாள் வாணி. புகையும் வரவில்லை. அண்ணன் கோடாலியை எடுத்தான், கீழே வைத்தான். வெளியே வந்து நின்றான். உள்ளே போனான். பனியில் நடக்கிற பூட்ஸை ஒரு காலில் மாட்டினான். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்மா, அங்கயே கதை நின்னுபோச்சு என்றாள். நின்னுபோச்சுன்னா என்றாள் தெய்வானை. அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. அந்த ஆள் போய்க் கதவைத் தட்டுவாரா மாட்டாரான்னு நாமதான் சொல்லணுமாம். அதுதான் மேடம் கேட்ட கேள்வி.

ஒரு காலில் பூட்ஸ். கந்தப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கதை எழுதினவன் மேல் கோபம். தம்பிக்காரன் என்ன செய்தான் என்று ஏன் எழுதவில்லை. எதிலேயோ ஒரு வார்த்தையாம். எதிலே. என்ன வார்த்தை. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, பெரியவனை மட்டும் பூட்ஸும் கையுமாக உட்காரவைத்து, ஊர் உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு இவன் போவானா மாட்டானா என்று கேட்டால், எல்லாம் இவனைத்தானே கல்லு என்று சொல்லும். படுத்துவிட்டவனுக்கு எப்போதும் நல்ல பேர். எழுந்து நடக்கிறவன்தான் குற்றவாளி. இது ஒரு கதையா. தம்பி குழந்தைவேலுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது அவருக்குத் தெரியும். டீக்கடையில் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். நம்ம கந்தப்பண்ணன் தம்பிக்குக் கையும் காலும் வரலையாம், பேச்சும் குழறுதாம், ஈரோடு கொண்டுபோயிட்டு வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்களாம் என்று. இவர் நல்ல காது எந்தப் பக்கம் என்று அந்த ஆளுக்குத் தெரியும், அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னார். இவர் டீயைக் குடித்தார். வழக்கம்போல டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. தெய்வானையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து ஞாயிறானால் அம்மாவும் மகளும் கோயிலுக்குப் போகிறார்கள். எந்தக் கோயிலுக்குத் தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுபோகிறார்கள். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அல்லது போங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

அப்பனுக்குக் கொள்ளி மூத்த பிள்ளை வைக்க வேண்டும், ஆத்தாளுக்கு இளையவன். ஊரெல்லாம் உள்ள முறை இது. இவர் மகாராஷ்டிரத்தில், இச்சல்கரஞ்சியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார், வாணி அப்போது ஊரில் இருந்த தெய்வானையின் வயிற்றில். அப்பா செத்த செய்தி வந்த நிமிஷமே கிளம்பினார். ரயிலில் இடமில்லாமல் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார், அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று. வந்து இறங்கியபோது சாம்பல்தான் இருந்தது. சித்திரை வெயில், உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். சொல்லட்டும். குழந்தைவேலு, நீ என்ன செய்தாய். என் கையில் இருக்க வேண்டிய கொள்ளியை நீ எப்படி வாங்கினாய். அதற்கு மேலும் ஒன்று உண்டு. அவன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் என்று குழந்தைவேலு சொன்னானாம். அந்த வார்த்தைதான். அந்த வார்த்தையை யார் சொல்லிக் கேட்டார் என்று கந்தப்பன் இப்போது யோசித்தார். பெரியப்பா மகனா. இல்லை, அவன் அன்றைக்குப் பவானியில் இருந்தான். வண்ணாரா. டீக்கடையா. முகம் வரவில்லை. முன்பெல்லாம் வரும். முகமும், சொன்ன இடமும், சொன்னவன் கையிலிருந்த பீடியும் வரும். இப்போது பீடி மட்டும் வருகிறது, பிடித்திருக்கிற ஆள் இல்லை. யாரும் சொல்லாமல் எப்படி வந்தது அந்த வார்த்தை. சொல்லித்தான் இருக்க வேண்டும். ரயிலில் நின்று வந்த அலுப்பில் தானாக வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்குமா. இருக்காது. இருந்தால்? அன்றைக்கு அங்கே இருந்தவள் இந்தச் சமையல்கட்டில்தான் இருக்கிறாள், வயிற்றுப்பிள்ளையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள். ஒரு தரம், அன்னைக்கு உங்க தம்பி என்று வாய் எடுத்தாள். இவர் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும், ஆம் என்றோ இல்லை என்றோ. ஆம் என்றால் சரி. இல்லை என்றால்? ஆத்தா செத்தபோது ரோட்டோரத்தில் அந்நியர்களோடு நின்று பார்த்தாரே, வாய்க்கரிசி போடாமல் திரும்பினாரே, அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது. இடுப்பு தீயாய்க் கடுத்தது. அவர் அசையவில்லை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்றது.

"போவாரு கண்ணு," என்றாள் தெய்வானை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்தாளு கெட்டவரில்ல. இன்னொரு பூட்ஸையும் மாட்டிட்டுப் போவாரு. ஆனா ஆராச்சும் பாத்துட்டிருந்தா போக மாட்டாரு. அதுதான் அவருக்குக் கஷ்டம். நீங்கெல்லாம் இப்பிடிச் சுத்தி நின்னுட்டு போவாரா மாட்டாரான்னு கேட்டுட்டிருந்தா அவரு எப்பிடிப் போவாரு. கொஞ்சம் அக்கட்ட தள்ளி நில்லுங்க. ஆரும் பாக்காதப்பப் போயிட்டு வந்துருவாரு."

வாணி எழுதுகிற சத்தம் கேட்டது, அல்லது கேட்பதாக அவருக்குத் தோன்றியது. இதை எப்பிடிம்மா இங்கிலீஷுல எழுதறது என்று சிரித்தாள், ஆனால் அது சிரிப்பாக இல்லை. பிறகு, நாளைக்கு எல்லாரும் அப்பா என்ன சொன்னாருன்னு கேப்பாங்களே என்றாள். அதற்கு அவளே, அப்பா ஊருக்குப் போயிருந்தாருன்னு சொல்லிக்கறேன் என்றாள். தெய்வானை, செரி என்றாள். அந்தச் செரிதான் அவரைத் தைத்தது. இந்தக் கட்டிலில், இந்த மின்விசிறிக்குக் கீழே, எட்டு அடி தள்ளிப் படுத்திருக்கிறவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கோபமாக அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. காய்ச்சல்காரனுக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி அனுப்பினார்கள். அதைவிடவும் ஒன்று அவரைத் தின்றது. தெய்வானை சொன்னது. ஆரும் பாக்காதப்பப் போவாரு. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இவளுக்குத் தெரியவில்லை. போன வியாழக்கிழமை ஷிப்டு முடிந்து வரும்போது அவர் வழக்கமான சந்தில் திரும்பவில்லை. கால் போன போக்கில் போகிறதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு குழந்தைவேலு இருக்கிற தெருவுக்குப் போனார். தெருவில் ஒரு ஆள் இல்லை. மூடிக்கிடந்த தையல் கடைப் படியில் ஏறி நின்றார். எதிரே தம்பி வீட்டில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில் கட்டில் கால் ஒன்றும், அதன்மேல் போர்வையை விட்டு வெளியே வந்திருந்த ஒரு பாதமும் தெரிந்தன. அப்பாவின் பாதம் மாதிரியே கட்டைவிரல் தள்ளி நிற்கிற பாதம். ரோட்டைத் தாண்டினால் போதும். யாரும் பார்க்கவில்லை. ஒரு நாய்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், அது அசையுமா என்று. அசைந்தால் போகலாம் என்று நினைத்தார். அசையவில்லை. அசையாவிட்டால்தானே போக வேண்டும் என்றும் நினைத்தார். பிறகு உள்ளிருந்து யாரோ வந்து போர்வையை இழுத்து அந்தப் பாதத்தை மூடினார்கள். இவர் படியிறங்கி வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, என்ன குழம்பு என்று கேட்டார்.

பேச்சு நின்றிருந்தது. தண்ணீர் புழங்குகிற சத்தம், பிறகு கொலுசு. வாணி அறைக்குள் வந்து கொடியில் தொங்கிய துப்பட்டாவை எடுத்தாள். அவர் கண்ணைத் திறந்தார். திறக்க வேண்டும் என்று திறக்கவில்லை. அவள் துணுக்குற்று நின்றாள்.

"இந்த வாரம் கதை இல்லையா சாமி?"

"இல்லீங்கப்பா. இந்த வாரம் மேடம் லீவுங்க."

செரி என்றார். செரி என்றதும் நெஞ்சுக்குள் எதுவோ லேசாகியது. தப்பித்தோம் என்பது போல ஒரு சுகம். கேட்காமல் விட்டார்கள், நல்லதாகப் போயிற்று. அந்தச் சுகத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிள்ளை தனக்காகப் பொய் சொல்கிறாள், அந்தப் பொய்க்குள் தான் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறோம். தம்பி அந்தக் கட்டிலில், தான் இந்தக் கட்டிலில். அவனுக்காவது கை கால் வரவில்லை. எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு சடசடத்தது. தெய்வானை தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு, நடையில் வந்து நின்றாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். முந்தானை புடைத்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றோமுங்க, காப்பி பிளாஸ்க்குல இருக்குது என்றாள். அவர் அந்தப் புடைப்பைப் பார்த்தார். அவள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள். சூடு ஆறதுக்குள்ள போங்க என்று அவர் வாயிலிருந்து வந்தது. யாரோ சொன்னது போல இருந்தது. தெய்வானை முந்தானைக்குள்ளிருந்து தூக்குப்போசியை மெல்ல வெளியே எடுத்தாள். இனி மறைத்து என்ன. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நகராமல் நின்றாள்.

"நீங்களும் வாங்களே," என்றாள்.

இத்தனை வருஷத்தில் முதல் தரம் கேட்கிறாள். செருப்பு வாசலில்தான் கிடக்கிறது. சட்டை ஆணியில் இருக்கிறது. எழுந்து இரண்டையும் போட்டுக்கொண்டால் போதும், இரண்டு பெண்களுக்குப் பின்னால் நடந்தால் போதும், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. சட்டையைப் பார்த்தார். அதில் கை நுழைகிற மாதிரி நினைத்துப் பார்த்தார். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை நுழையவில்லை. இடுப்பு முடியல, நீங்க போங்க என்றார். அவள் மகளிடம் தூக்குப்போசியைக் கொடுத்து, படியிறங்கிச் செருப்பைத் தேடினாள்.

வாணி நிலைப்படியில் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு அவரைப் பார்க்கிற அதே பார்வை இல்லை இது. அவருக்காக வருத்தப்படுகிற பார்வை. அதுதான் அவரைப் பேச வைத்தது.

"அந்த அண்ணங்காரன் போக மாட்டான், கண்ணு," என்றார். குரல் தறிக்கு நடுவில் பேசுகிற மாதிரி பெரிதாக வந்துவிட்டது. தணித்துக்கொண்டார். "உங்கம்மாளுக்குத் தெரியாது. ஆரும் பாக்காதப்பவும் அவன் போக மாட்டான். போகோணும்னுதான் பூட்ஸு மாட்டினான். ஆனா போக மாட்டான். அப்பா சொன்னாருன்னு எழுதிக்க."

எழுதிக்கொள்ள அவள் கையில் பேனா இல்லை, சூடு ஆறாத தூக்குப்போசிதான் இருந்தது. செரிங்கப்பா என்று சொல்லிவிட்டு, கஞ்சி தளும்பாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் இறங்கிப் போனாள்.